பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தையின் பல்லுக்கு அரசு மருத்துவம் பெறுவது எப்படி? தமிழ்நாட்டுப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது பாடம் நின்றுபோனதைப் பற்றி எல்லோரும் பேசினோம். அதோடு சேர்ந்து பல் பரிசோதனையும் நின்றுபோனதைப் பலர் கவனிக்கவில்லை. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழு, அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு 2 முறையும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். அவர்கள் தேடும் 30 வகைக் குறைபாடுகளில் பல் நோயும் உண்டு, பிளவுபட்ட உதடும் அண்ணமும் உண்டு. கட்டிட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிற பெற்றோரின் பிள்ளைகளில் பலருக்கு, வாயைத் திறந்து பார்க்கும் ஒரே மருத்துவர் இந்த வண்டியில் வருகிறவர்தான்.

தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேல். 6 வயதில் கடைவாய்ப் பல்லில் தெரியும் சின்னக் கறுப்புப் புள்ளி வேர் வரை இறங்க அந்த இடைவெளி தாராளமாகப் போதும். அதற்கு முன்பே நிலைமை நன்றாக இல்லை. 2002-03இல் எடுத்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் 5 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சொத்தைப் பல் இருந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளி வழியாக வந்த உதவி நின்றது உண்மை. ஆனால் அரசுப் பல் மருத்துவம் முழுக்க நிற்கவில்லை. 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், வழக்கமான சிகிச்சைகளைத் தள்ளிப்போடலாம், அவசர சிகிச்சை தொடர வேண்டும் என்றுதான் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு ஆகஸ்டில் சொன்னதும் இதையேதான். 'எல்லாம் மூடியிருக்கும், போய் என்ன பயன்' என்று வீட்டிலேயே இருந்தவர்களின் பிள்ளைகள் வீணாக வலியைத் தாங்கினார்கள். அடுத்த தொற்று எப்போது வந்தாலும் அது மறுபடி நடக்கக் கூடாது. அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: வீட்டிலேயே வாயைப் பாருங்கள்

பள்ளிக்கு வண்டி வராத காலத்தில் அந்தப் பார்வை உங்களுடையதாக வேண்டும். மாதம் ஒரு முறை போதும். பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து, குழந்தையின் தலையை உங்கள் மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உதட்டைத் தூக்கிப் பாருங்கள். செல்போன் டார்ச் இருந்தால் உள்பக்கமும் தெரியும்.

முதலில் மேல் முன்பற்கள், ஈறை ஒட்டிய இடம். அங்கே சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை தொடங்குகிறது என்று பொருள். ஓட்டை விழவில்லை என்பதால் இதை இன்னும் திருப்ப முடியும். பால் பாட்டிலோடு தூங்கும் குழந்தைகளுக்கு இது அடிக்கடி வரும். அப்புறம் கடைவாய்ப் பற்களின் மேல்பரப்பு: பழுப்பு, கறுப்பு, குழி. கடைசியாக ஈறு. பல்லுக்கு மேலேயோ கீழேயோ சின்னப் பரு மாதிரி ஒரு கொப்புளம், அழுத்தினால் சீழ் வருகிறது என்றால், வலி இல்லாவிட்டாலும் அந்தப் பல்லின் வேரில் தொற்று இருக்கிறது. வலி நின்றுவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 6 வயது வாக்கில், எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு பெரிய பல் முளைக்கும். எதுவும் விழாததால் அதையும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறோம். அது நிரந்தரப் பல். ஆயுள் முழுக்க மெல்ல வேண்டிய பல் அது. மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சொத்தை பிடிப்பதும் அதைத்தான் முதலில். பள்ளி மூடிய காலத்தில் 5 முதல் 7 வயதில் இருக்கும் பிள்ளைகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள்.

'பால் பல்தானே, விழுந்துடும்' என்ற பேச்சையும் விட்டுவிட வேண்டும். பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. 5 வயதில் அழுகினால் இன்னும் 5 ஆண்டு குழந்தை ஒரு பக்கமாக மென்று சாப்பிடும்.

இரண்டாம் படி: அவசரமா, காத்திருக்கலாமா?

தொற்றுக் காலத்தில் மருத்துவமனைகள் 'அவசரம்' என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் ஆட்களை உள்ளே விடுகின்றன. உங்கள் குழந்தையின் நிலை அதற்குள் வருகிறதா என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

உடனே, இரவானாலும் கிளம்ப வேண்டியவை:
- கன்னத்திலிருந்து கண்ணை நோக்கி ஏறும் வீக்கம், அல்லது தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கும் வீக்கம்
- பல் வீக்கத்தோடு காய்ச்சல், சோர்வு
- வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல்
- அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம்
- அடிபட்டுப் பல் விழுந்தது, இடம் மாறியது, தாடை உடைந்த சந்தேகம்

விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் 108-ஐ அழையுங்கள். பல் மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது அருகிலோ அங்கே போக வேண்டும். கழுத்துக்கு இறங்கும் வீக்கம் மூச்சுக் குழாயை அடைக்கக்கூடியது.

நிரந்தரப் பல் முழுதாக வெளியே வந்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வேரைத் தொடாமல், நாம் மெல்லும் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ சில விநாடி அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அதே குழியில் பொருத்தி, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப்போங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர வேண்டும், அதற்கு முன்பே என்றால் இன்னும் நல்லது. விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்த முயலக் கூடாது, உள்ளே இருக்கும் நிரந்தரப் பல் கெட்டுவிடும்.

சில நாட்களுக்குள் காட்ட வேண்டியவை: தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஈறில் சீழ்க் கொப்புளம், சூடு பட்டால் நெடுநேரம் நீடிக்கும் வலி, சாப்பிட மறுப்பது. இவையும் சிகிச்சை தேவைப்படும் நிலைகளே. 'வலிதானே' என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால், 'ராத்திரி தூங்கவே இல்லை, சாப்பிடவும் இல்லை' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வலி இல்லாத கறுப்புப் புள்ளி, வரிசை தப்பிய பல், ஆடும் பால் பல், கறை ஆகியவை அலை தணியும்வரை காத்திருக்கலாம். ஆனால் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மறந்துபோவதுதான் இதில் பெரிய ஆபத்து.

மூன்றாம் படி: எங்கே கேட்பது?

கிளம்புவதற்கு முன் போன். இதுதான் தொற்றுக் காலத்தின் முதல் விதி. கோவிட் அலை உச்சத்தில் இருந்தபோது பல இடங்களில் பல் மருத்துவர்களைக் காய்ச்சல் முகாமுக்கும் மாதிரி எடுக்கும் பணிக்கும் அனுப்பினார்கள். ஆகவே கட்டிடம் திறந்திருக்கும், நாற்காலி இருக்கும், மருத்துவர் இருக்க மாட்டார். இரண்டு பேருந்து மாறிப் போய்த் திரும்புவதைவிட ஒரு அழைப்பு மேல்.

உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமிருந்து தொடங்குங்கள். தடுப்பூசிக்காக அவர் எண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் பிரிவு இருக்கிறது, எந்தக் கிழமை மருத்துவர் வருகிறார் என்பது அவருக்குத் தெரியும், தெரியாவிட்டாலும் விசாரித்துச் சொல்ல முடியும். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பல் மருத்துவர் கிடையாது. வட்டார அளவிலான மேம்படுத்தப்பட்ட நிலையங்களில் கிடைக்க வாய்ப்பு அதிகம். அங்கன்வாடிப் பணியாளரும் நல்ல வழி. ஊரடங்கில் மையம் மூடியிருந்தபோதும் சத்துமாவு கொடுக்க அவர்களில் பலர் வீடு வீடாக வந்தார்கள்.

யாரும் கிடைக்காவிட்டால் 104. தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்குவது. மருந்து ஆலோசனை மட்டும் கேட்காமல், 'பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இன்று பல் மருத்துவர் இருக்கிறார்' என்றும் கேளுங்கள். 2020 ஏப்ரலில் தொடங்கிய, மத்திய அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி மூலம் வீடியோவில் அரசு மருத்துவரைப் பார்க்கலாம், அதுவும் இலவசம். செல்போன் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும், முடிந்ததும் மருந்துச் சீட்டு போனுக்கே வரும். வீடியோவில் பல் அடைக்க முடியாதுதான். ஆனால் அவசரமா இல்லையா என்று ஒரு மருத்துவர் சொல்லி, அது சீட்டில் எழுத்தாக இருந்தால் அடுத்த கதவைத் தட்டுவது எளிதாகிறது.

அடுத்த நிலை வட்ட, மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகள். அதற்கும் மேல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே இருப்பது பழைமையானது. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு அங்கே உண்டு. கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டிய சிகிச்சை, மிகச் சின்னக் குழந்தைகள், பயந்து வாயே திறக்காத குழந்தைகள் என்றால் இப்படிப்பட்ட இடத்துக்குப் பரிந்துரை கேட்டு வாங்குங்கள்.

ஊரடங்கில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் தேவைப்பட்ட காலத்திலும் மருத்துவக் காரணம் ஏற்கப்பட்டது. இ-சஞ்சீவனி சீட்டோ ஆரம்ப சுகாதார நிலையப் பரிந்துரைக் கடிதமோ கையில் இருப்பது அங்கேயும் உதவும்.

நான்காம் படி: போனில் சொல்வது

'பல் வலி சார்' என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவரால் ஒன்றும் தீர்மானிக்க முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"மேடம், என் பையனுக்கு 6 வயசு, எடை 17 கிலோ. கீழ்த் தாடை வலது பக்கம் கடைவாய்ப் பல்லில் ஓட்டை இருக்கு. 3 நாளா வலி, நேத்து ராத்திரியிலிருந்து கன்னம் வீங்கியிருக்கு. காய்ச்சல் 101. தண்ணி குடிக்கிறான், சாதம் சாப்பிடலை. பாராசிட்டமால் காலையில் ஒரு தடவை கொடுத்தேன். வேற நோய் எதுவும் இல்லை, வீட்டில் யாருக்கும் சளி, இருமல் இல்லை."

வயது, எடை, இடம், எத்தனை நாள், வீக்கம், காய்ச்சல், சாப்பாடு, கொடுத்த மருந்து, மற்ற நோய், தொற்று அறிகுறி எல்லாம் அதில் வந்துவிட்டன. வாட்ஸ்அப்பில் படம் கேட்டால் 3 போதும்: நேராக முகம் (வீக்கம் இரு கன்னத்தையும் ஒப்பிட்டால்தான் தெரியும்), உதட்டை விலக்கிய முன்பக்கம், ஒரு கரண்டியின் பின்புறத்தால் கன்னத்தை ஒதுக்கி எடுத்த கடைவாய். அந்தப் படங்களை அழிக்காமல் வையுங்கள், வீக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மறுநாள் ஒப்பிடலாம்.

ஐந்தாம் படி: அதுவரை வலிக்கு

பாராசிட்டமால்தான் முதல் மருந்து. குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம். மருந்துக் கடையில் பாட்டில்கள் ஒரே அளவு வீரியத்தில் வருவதில்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 இருக்கும். அதனால் 'ஒரு மூடி' என்று அளக்காமல் லேபிளைப் படித்துக் கணக்கிடுங்கள், சந்தேகம் இருந்தால் 104-இல் கேளுங்கள்.

ஐபுப்ரோஃபென் பல் வலியை நன்றாகக் குறைக்கும். ஆனால் நம் ஊரில் மழைக்காலத்தில் காய்ச்சலோடு சேர்ந்த வலி என்றால் டெங்குவும் இருக்கலாம். அந்தச் சந்தேகம் தீராமல் ஐபுப்ரோஃபெனைக் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துச் சின்னக் குழந்தையின் பல்லில் வைப்பதையும் நான் ஏற்பதில்லை. ஈறு வெந்துபோகும், விழுங்கினால் ஆபத்து. புகையிலை, வீக்கத்தின் மேல் சூடான ஒத்தடம் எதுவும் கூடாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், துப்பத் தெரிந்த பிள்ளைகளுக்கு நல்லது.

ஆன்டிபயாடிக் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைக்குப் போக முடியாத காலத்தில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுப்பது பரவியது. சொத்தைக்குள் உள்ள நரம்பு வலியை ஆன்டிபயாடிக் குறைக்காது. வீக்கம், காய்ச்சல் என்று தொற்று பரவும்போது மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் அது வேண்டும். அப்போதுகூட அது அவகாசம் வாங்கித் தருவது மட்டுமே. அந்தப் பல்லைச் சரி செய்யாதவரை வீக்கம் திரும்ப வரும்.

ஆறாம் படி: டிரில் இல்லாத சிகிச்சையைக் கேளுங்கள்

தொற்றுக் காலத்தில் பல் சிகிச்சை ஏன் இவ்வளவு பயத்தோடு பார்க்கப்பட்டது? சுழலும் டிரில் மிஷினும் அதில் வரும் தண்ணீரும் சேர்ந்து எச்சிலை நுண்ணிய துளிகளாக அறை முழுக்கத் தெளிக்கின்றன. அதனால்தான் பல் அடைக்கும் வேலையை நிறுத்தி, மாத்திரை கொடுப்பதோடும் பிடுங்குவதோடும் பல இடங்கள் முடித்துக்கொண்டன. குழந்தைகளுக்கு இது பெரிய இழப்பு. காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் போயின.

ஆனால் டிரில் இல்லாமலே செய்யக்கூடிய நல்ல சிகிச்சைகள் உள்ளன, அவை குழந்தைகளுக்கே மிகவும் பொருந்துபவை. பெற்றோர் இவற்றின் பெயரைத் தெரிந்துவைத்துக் கேட்க வேண்டும்.

சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்பது ஒரு திரவம். சொத்தையில் தூரிகையால் தடவினால் போதும், ஊசி இல்லை, டிரில் இல்லை, சில நிமிட வேலை. சொத்தை மேலும் பரவாமல் பெரும்பாலும் நின்றுவிடும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு குறை: தடவிய சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் என்றால் யோசியுங்கள், பின்பல் என்றால் தயங்காதீர்கள். ஏற்கெனவே சீழ் கட்டிய பல்லுக்கு இது உதவாது. வெள்ளி ஒவ்வாமை இருந்தால் கூடாது.

இன்னொன்று, கைக் கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைப்பது. கரண்ட் வசதி இல்லாத கிராம முகாம்களுக்காக உருவான முறை. மூன்றாவது, பால் கடைவாய்ப் பல்லில் சொத்தையைக் குடையாமலே மேலே உலோகத் தொப்பியைப் பொருத்தி மூடிவிடும் ஹால் முறை. புதிதாக முளைத்த நிரந்தரக் கடைவாய்ப் பல்லுக்கு, அதன் பள்ளங்களை மூடும் பூச்சான சீலன்ட் பூசுவதையும் கேளுங்கள்.

இவை எல்லாமே எல்லா அரசு மருத்துவமனையிலும் கையிருப்பில் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். 'டிரில் போடாம ஏதாவது செய்ய முடியுமா டாக்டர்? சில்வர் ஃபுளோரைடு, சிமெண்ட் மாதிரி?' என்று மரியாதையாகக் கேளுங்கள். இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று பரிந்துரை கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் அந்தப் பொருள் வாங்கும் பட்டியலில் ஏறும்.

ஏழாம் படி: போகும் நாள்

ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர். காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். சாப்பிட வைத்து, பல் துலக்கிவிட்டு அழைத்துப்போங்கள் (மயக்க மருந்து சிகிச்சை என்று சொல்லியிருந்தால் மட்டும் அவர்கள் சொன்னபடி வெறும் வயிறு). தடுப்பூசி அட்டை, பழைய சீட்டுகள், தினமும் கொடுக்கும் மருந்துகள் கையில் இருக்கட்டும். ஆதார் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். செங்கல் சூளைகளிலும் கட்டிடங்களிலும் வேலை செய்யும் வெளிமாநிலக் குடும்பங்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை.

முகக்கவசம், கண்ணாடி, முழு உடை போட்ட மருத்துவரைப் பார்த்துக் குழந்தை மிரளும். முந்தின நாளே அப்படி ஒரு படத்தைக் காட்டி, 'உள்ளே ஒரு அக்கா இருப்பாங்க, முகம் தெரியாது, கண்ணு மட்டும் சிரிக்கும்' என்று சொல்லிவையுங்கள். 'ஊசி போட்டுடுவாங்க' என்று மிரட்டுவதை மட்டும் எப்போதும் செய்யாதீர்கள்.

குழந்தைக்கே தொற்று உறுதியாகியிருந்தால் மறைக்க வேண்டாம். காத்திருக்கக்கூடியது என்றால் தனிமைக் காலம் முடியட்டும். முகவீக்கம் போன்ற அவசரம் என்றால் தொற்று நோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு உள்ள பெரிய மருத்துவமனைக்கு, முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இதய வால்வு பிரச்சினை அல்லது பிறவி இதய நோய், ரத்தம் உறையாமை, புற்றுநோய்ச் சிகிச்சை, கட்டுப்படாத சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கு எந்தப் பல் பிரச்சினையும் சிறியதல்ல. பல்லைத் தொடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்தக் குழந்தைகளையும் மாற்றுத்திறனுள்ள குழந்தைகளையும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் காட்டலாம், ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மாவட்டந்தோறும் அமைக்க வகை செய்த மையம் இது.

வீட்டில் செய்ய வேண்டியது

பள்ளி இல்லாத நாளில் பிள்ளைகள் நாள் முழுக்கக் கொறிக்கிறார்கள். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது. டீயில் நனைத்த பிஸ்கட் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து இனிப்பைக் கொடுங்கள், இடையில் கடலை, சுண்டல், கொய்யா. இரவு பல் துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும்.

ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1000 பங்கு) அளவில். 3 வயதுக்குள் அரிசி மணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. 7, 8 வயது வரை நீங்களே துலக்கிவிட வேண்டும். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அங்கே இன்னும் போர் தண்ணீரைக் குடிக்கும் வீடுகள் பேஸ்ட் அளவைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பள்ளி திறந்த பிறகு

திறந்த முதல் மாதத்திலேயே தலைமை ஆசிரியரிடம், 'ஆர்.பி.எஸ்.கே. வண்டி எப்போது வருகிறது' என்று கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எழுப்பினால் இன்னும் நல்லது. தேதி தெரியாது என்று சொன்னால் வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு பக்க மனு எழுதி, பல பெற்றோர் கையெழுத்தோடு கொடுக்கலாம். வண்டி வரும் நாளில் பிள்ளையை எப்படியும் பள்ளிக்கு அனுப்புங்கள். பரிசோதனையில் பரிந்துரைச் சீட்டு கொடுத்தால் அது பையிலேயே கிடந்துவிடும், அன்று மாலையே கேட்டு வாங்குங்கள். காத்திருக்கலாம் என்று நோட்டில் எழுதிவைத்த பற்களின் பட்டியலை ஒரு தாளில் நகல் எடுத்து, அந்தக் குழு மருத்துவரிடம் கொடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.